சிரித்துக்கொண்டே படித்த நாவல்: அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

சென்ற ஆண்டு ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஓணம் விடுமுறை வரை, குமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே ஒரு நூலகத்தின் பின்னறையில், சனிக்கிழமைதோறும் பதினொரு பிள்ளைகளோடு ஒரு நாவல் படித்தேன். விடலைப் பருவத்துப் பையனுக்குத் தன் உடலைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் வரும் குழப்பங்களைச் சொல்லும் நகைச்சுவை நாவல். செய்தி பரவியதும் கேள்விகள் வரத் தொடங்கின. வடசேரி பஸ் நிலையத்தில் கேட்டார்கள். மீன் வாங்கும்போது கேட்டார்கள். ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் அடைப்பிரதமன் விழும் நேரம் பார்த்துப் பக்கத்து இலைக்காரர் கேட்டார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி என் குரல் எனக்கே அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. பேச்சு வழக்கை மட்டும் எழுத்து வழக்காக்கியிருக்கிறேன்.

அது என்ன நாவல், டீச்சர்? பெயரைச் சொல்லுங்களேன்.

சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தொடக்கத்தில் ஒருவரிடம் சொன்னேன். அவர் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, ஒரே ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். நான்கு வரிக்குச் சிவப்பு வட்டம் வேறு. மற்ற இருநூறு பக்கங்களை அவர் படிக்கவே இல்லை. அந்த நான்கு வரி இரண்டு நாளில் தாலுகா முழுக்கச் சுற்றி எனக்கே வந்து சேர்ந்தது.

கதையைச் சொல்கிறேன். பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்குக் குரல் உடைகிறது, முகப்பரு வருகிறது, ஒரு பெண்ணைப் பிடித்துப்போகிறது. மனதில் நூறு சந்தேகம். கேட்க ஆள் இல்லை. முடிதிருத்துபவர், மருந்துக்கடைக்காரர், சித்தப்பா என்று மூன்று பேரிடம் கேட்கப் போகிறான். மூவருமே தெரிந்ததுபோல் ஏதோ சொல்கிறார்கள். இதற்கிடையே அவனுடைய நெருங்கிய நண்பன், தனக்குப் பெண்கள்மேல் அல்ல, ஒரு பையன்மேல்தான் மனம் போகிறது என்பதை அவனிடம் சொல்லிவிடுகிறான். கதை இவ்வளவுதான். ஆபாசம் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

எத்தனை வயதுப் பிள்ளைகள்? வீட்டில் தெரிந்துதான் வந்தார்களா?

பதினைந்து முதல் பதினேழு வரை. ஆறு பையன்கள், ஐந்து பெண்கள். பெயர் கொடுத்தவர்கள் பதினான்கு பேர். கதைச் சுருக்கத்தை எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் அனுப்பினேன், மூன்று வீடுகள் வேண்டாம் என்றன. அது அவர்கள் உரிமை, மறுபடி கேட்கவில்லை. இரண்டு வீடுகளில் முதலில் பெரியவர்கள் படித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். அதில் ஒரு பிரதியின் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் சனிக்கிழமை என்றும் பலர் கேட்டார்கள். வெள்ளி பகலில் ஜும்ஆ. ஞாயிறு காலை திருப்பலி, ஆராதனை, மறைக்கல்வி, ஓய்வுநாள் பள்ளி. மிஞ்சியது சனிக்கிழமை பிற்பகல், அதுவும் டியூஷன் விட்ட பிறகு. நம் மாவட்டத்தில் டியூஷனோடு போட்டி போட்டு ஜெயித்தவர் யாரும் இல்லை.

படித்தபோது பிள்ளைகள் எப்படி நடந்துகொண்டார்கள்? ஒரே கும்மாளமாக இருந்திருக்குமே?

முதல் வாரம் கும்மாளம்தான். தப்பு என்மேல். ஒரு வேடிக்கையான இடம் வந்ததும், அது ஏன் வேடிக்கை என்று பாடம் நடத்தத் தொடங்கிவிட்டேன். முப்பது ஆண்டு ஆசிரியர் வேலையின் வியாதி. பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் முதல் வாயை மூடிக்கொண்டேன்.

பையன் எழுதிய காதல் கடிதம் அம்மா கையில் சிக்கும் இடம் ஒன்று உண்டு. அம்மா திட்டவில்லை, அழவில்லை. சிவப்புப் பேனா எடுத்து ரகர றகரப் பிழைகளைத் திருத்தி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுகிறாள். மழைச் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்தப் பக்கத்துக்கு வந்தபோது எனக்குத்தான் உள்ளூர நடுக்கம். சந்தேகம் கேட்க மருந்துக்கடைக்குப் போன பையன், வெட்கத்தில் எதையும் கேட்க முடியாமல் நான்கு டப்பா தைலம் வாங்கிக்கொண்டு திரும்பும் அத்தியாயம் அது. வட்டமிட்ட நான்கு வரி, அவன் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்விகள். ஒரு பையன், "இது எங்கள் முக்கு கடைதான், டீச்சர்" என்றான். பக்கத்தைப் புரட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அவர்கள் உண்மையில் சண்டை போட்டது வேறோர் இடத்தில். கடிதத்தைத் திருத்திய அம்மா அதற்குப் பிறகு மகனிடம் அதைப் பற்றிப் பேசினாளா? நாவல் சொல்லவில்லை. பேசியிருப்பாள் என்று நால்வர், பேசவே மாட்டாள் என்று ஆறு பேர், ஒரு பிள்ளை மௌனம். ஒரு சனிக்கிழமை முழுவதும் அதிலேயே போயிற்று. "பேசத் தெரியாததால்தான் சிவப்புப் பேனா எடுத்தாள்" என்று ஒரு பெண் சொன்னாள். இத்தனை ஆண்டு நான் திருத்திய விடைத்தாள்களை நினைத்துக்கொண்டேன்.

இது விளையாட்டு விஷயமா? இதையெல்லாம் சிரிப்பாகச் சொல்லலாமா?

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். அவருக்குத் தொல்காப்பியத்திலிருந்தே பதில் சொன்னேன். எட்டு மெய்ப்பாடுகளில் முதலில் வருவது நகை. அது எவற்றால் பிறக்கும் என்றும் தொல்காப்பியர் சொல்லிவைத்திருக்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இளமையிலும் அறியாமையிலும் பிறக்கும் சிரிப்பை இலக்கணமே ஒத்துக்கொள்கிறது. இந்த நாவலில் வருவது பெரும்பாலும் அந்த வகைதான். எள்ளலும் ஓரிடத்தில் வரும், அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வீட்டுக்குள் மூடிவைத்ததைச் சிரிப்பால் திறப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதும் அல்ல. ஐந்து பெண்களைக் கட்டிய காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், கடைசி மனைவி தன் பாட்டைப் புலம்புவதாகத் தேரூர்க் கவிமணி பாடிய மருமக்கள்வழி மான்மியத்தில் சிரிக்காமல் இரண்டு பக்கம் தாண்ட முடியாது. சிரித்த பிறகுதான் வலி உறைக்கும். தமிழாசிரியர் தலையசைத்தார். ஒத்துக்கொண்டாரா, எழுந்துபோக நேரமாகிவிட்டதா என்று தெரியவில்லை.

ஆணும் பெண்ணும் ஒரே அறையிலா?

ஆமாம். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிப் பாடமே இருக்கிறது. அதை நடத்தும்போது பெண்களை வெளியே அனுப்பியவர்களும் உண்டு, "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப்போனவர்களும் உண்டு. நானும் ஒருமுறை அப்படித் தாண்டியிருக்கிறேன். பக்கத்தில் உட்காருகிறவருக்கும் தன்னைப் போலவே குழப்பம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்து படித்தது. வாய்விட்டுக் கேட்க முடியாதவற்றுக்கு மட்டும் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தேன். பெயர் எழுதாமல் சீட்டுப் போடலாம்.

இதைப் படித்தால் பிள்ளை கெட்டுப்போகாதா?

இதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் கையில் தொடுதிரை போன் இருந்தது, வீட்டில் பிள்ளை கையிலும் ஒன்று இருந்தது. அதில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் இந்த நாவல் வேதபாடம். போனில் பார்ப்பதைப் பற்றி யாரோடும் உட்கார்ந்து பேச முடியாது. இதைப் பற்றிப் பேசினோம்.

"நம் ஊர் மரியாதை" என்று சிலர் இழுத்தார்கள். எந்த மரியாதை? இதே மண்ணில்தான் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டார்கள். 1822 வாக்கில் தொடங்கிய போராட்டத்துக்கு 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது. எந்த உடம்பு எதை மூட வேண்டும், எதை மூடக் கூடாது என்பதைச் சாதி முடிவு செய்த ஊர் இது. இங்கே மரியாதை ஆதிகாலம் முதல் ஒரே மாதிரி இருந்ததாகச் சொல்லாதீர்கள்.

டின்னில் விழுந்த சீட்டு: "கதையில் அவனுக்கு வருகிற பயம் எனக்கும் இருக்கிறது. இது நோயா?"

ஒன்றல்ல, இதே கேள்வி மூன்று கையெழுத்தில் வந்தது. கதையில் வரும் சித்தப்பா, உறக்கத்தில் தானாக விந்து வெளியேறினால் உடம்பு உருக்குலைந்துவிடும் என்று பையனைப் பயமுறுத்துகிறார். அந்தச் சித்தப்பாவை நம் ஊரில் தேட வேண்டியதில்லை. பஸ் நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறார். மாதத்தில் இரண்டு நாள் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பதாகவும், கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வருவதாகவும் சொல்வார். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அந்தச் சுவரொட்டியையும் நாம் படிப்போம் என்று நம்பித்தான் ஒட்டுகிறார்கள்.

பதில்: நோய் இல்லை, மக்களே. உறக்கத்தில் அப்படி நேர்வது வளரும் உடலின் இயல்பு. நரம்பு தளராது, நினைவாற்றல் குறையாது, பின்னாளில் பிள்ளை பிறப்பதற்கும் தடை இல்லை. கைப்பழக்கத்துக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் மருத்துவம் எந்தத் தொடர்பும் சொல்லவில்லை. வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் அரசு மருத்துவமனை மருத்துவரிடம் போங்கள். லாட்ஜுக்குப் போகாதீர்கள். இதை வாசித்து முடித்தபோது பையன்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஆறு பேரின் தோள்களும் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன்.

கதாநாயகன் பையன்தானே? எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

பெண்கள் மூன்றாம் வாரம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாவலில் பெண்கள் பெரும்பாலும் சன்னலில் நிற்கிறார்கள் அல்லது சைக்கிளில் போகிறார்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுத்தாளர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. புத்தகத்தின் பெரிய குறை அது.

ஆனால் பையனின் தங்கைக்குச் சடங்கு நடக்கும் அத்தியாயத்தைப் பெண்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். பந்தல், ஒலிபெருக்கி, தாய்மாமன் சீர், வீடியோ என்று ஊரே திரளும்போது, தனக்கு ஒருவரும் எதுவும் சொல்லவில்லையே என்று பையன் பொறாமைப்படுவதாக அதில் வரும். எங்கள் குழுவில் ஒரு பெண் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் பந்தல் போட்டு ஊருக்கெல்லாம் சொன்னார்கள், டீச்சர். என்ன நடந்தது என்று எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை." மேற்கே இருந்து வரும் இன்னொருத்தி, தன் வீட்டில் பந்தல் இல்லை, நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும்தான் என்றாள். விளக்கம் அங்கேயும் இல்லை. பையன்கள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று டின்னில் விழுந்த சீட்டுகளில் மாதவிடாய் தேதி தவறுவது பற்றி இரண்டு இருந்தன. தொடங்கிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒழுங்கில்லாமல் வருவது பலருக்கும் இயல்பு. தாங்க முடியாத வலியோ மிகுந்த இரத்தப்போக்கோ இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அந்த நண்பன் பாத்திரம் எதற்கு? அதை மட்டும் விட்டுவிட்டுப் படித்திருக்கலாமே?

விட்டிருந்தால் நாவலின் முதுகெலும்பை உருவியிருப்பேன். எள்ளல் பற்றிப் பின்னால் சொல்வதாகச் சொன்னது இதைத்தான். வருகைப் பதிவேட்டில் அந்த நண்பனின் எண் ஒன்பது. நம் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம். ஆசிரியர் "ஒன்பது" என்று கூப்பிடும்போதெல்லாம் வகுப்பு சிரிக்கிறது, ஆசிரியரும் உதட்டோரம் சிரிக்கிறார். முதல் தடவை எங்கள் பையன்களும் சிரித்தார்கள். இருபது பக்கம் கழித்து, தன் ரகசியத்தைச் சொன்ன மறுநாள் நண்பன் பள்ளிக்கு வரவில்லை. ஒன்பது என்று கூப்பிடுகிறார்கள், பதில் இல்லை. கதையில் வகுப்பு அப்போதும் சிரிக்கிறது. எங்கள் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் தடவை அதிகம் சிரித்தவன், "முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேன்" என்று என்னிடம் கோபித்துக்கொண்டான்.

"இது சரியாகிவிடுமா, வைத்தியம் உண்டா" என்று கேட்ட அப்பாக்களுக்கு: தன்பாலீர்ப்பு நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று செய்யப்படும் வைத்தியங்களைத் தடை செய்யச் சொன்னது. அப்படிச் செய்வது மருத்துவருக்குரிய ஒழுக்கத்துக்கு மாறானது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது.

எங்கள் சபையில் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்களே?

ஒத்துக்கொள்ளச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றுக்கும் போகிற பிள்ளைகள் குழுவில் இருந்தார்கள், போவதை யாரும் நிறுத்தவில்லை. ஒரு பையன் தன் மறைக்கல்வி ஆசிரியரிடமே நாவலைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அவர் எனக்குப் போன் செய்தபோது திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அந்த நண்பன் கடைசியில் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் கேட்டார். இருக்கிறான், வேறு ஊரில் ஐ.டி.ஐ. படிக்கிறான் என்றேன். "அது போதும்" என்று வைத்துவிட்டார்.

காதல் கடிதம் எழுதினால் போக்சோவில் உள்ளே போட்டுவிடுவார்களா?

கேட்டது பதினாறு வயதுப் பையன், முகம் வெளுத்திருந்தது. கடிதம் எழுதுவது குற்றமில்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்னால் திரிவதும் தொந்தரவு செய்வதும் குற்றம். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியது: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அதன்படி பதினெட்டு நிறையாத எல்லாரும் குழந்தைகள். அந்த வயதுக்குக் கீழ் 'இருவருக்கும் சம்மதம்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. நாவலில் இதெல்லாம் வராது. பையனின் காதல் ரகரத்தைத் தாண்டுவதே இல்லை.

படிக்கிற பிள்ளை திடீரென்று தன் சொந்தக் கதையைச் சொல்லிவிட்டால்?

எனக்கு மிகவும் பயமாக இருந்த கேள்வி இது. முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்: டின்னில் வரும் சந்தேகங்கள் என்னோடு இருக்கும், ஆனால் உங்களை யாராவது தவறாகத் தொட்டார்கள், துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் அதை நான் ரகசியமாக வைத்திருக்க மாட்டேன். வைத்திருக்க எனக்கு அனுமதியும் இல்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. குடும்ப மானம், சபைப் பெயர் எதுவும் சட்டத்தின் முன் சாக்காகாது. பிள்ளையின் பெயரையும் ஊரையும் வெளியே சொல்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பிள்ளைகளே இலவசமாகப் பேசலாம். மனம் உடைந்து போயிருந்தால் மனநல உதவி எண் 14416.

இதைச் சொன்னால் பிள்ளைகள் பயந்துபோய்ப் பேசாமல் இருந்துவிடுவார்கள் என்று ஒரு நண்பர் எச்சரித்தார். ஒரு பிள்ளை மட்டும் கூட்டம் முடிந்த பிறகு தங்கி, யாருக்கு முதலில் சொல்வீர்கள், எப்படிச் சொல்வீர்கள் என்று நுணுக்கமாகக் கேட்டது. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

என் மகன் இந்த மாதிரிப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான். பார்த்துவிட்டேன். என்ன செய்வது?

என்ன புத்தகம் என்று முதலில் நீங்கள் படியுங்கள். உண்மையிலேயே மோசமானதென்றால் ஏன் மோசம் என்று அவனிடம் சொல்ல உங்களுக்கு ஒரு காரணம் இருக்கும். நாவலென்றால் அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பது அவனுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளமாக உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு தாய் அப்படிச் செய்தார். மூன்றாம் நாள் அந்த டிக்கெட் நாற்பது பக்கம் தள்ளிப்போயிருந்ததாம். பிறகு இருவரும் மரச்சீனிக்கிழங்கு உரித்துக்கொண்டு என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா?

வாங்கியது நான்கு பிரதிகள். ஒன்று மழையில் நனைந்து உப்பிவிட்டது. இரண்டு, காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. நான்காவது, முன்பு சொன்ன வீட்டில் பெரியவர்கள் படித்துப் பார்க்க வாங்கிக்கொண்டது. அப்பா பத்துப் பக்கத்தில் நிறுத்திவிட்டார், பாட்டி எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்துக் கேட்கப் போனேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே, "அந்த மருந்துக்கடைக்காரனை எனக்குத் தெரியும் மக்களே, ரெண்டாவது தடவை படித்துக்கொண்டிருக்கிறேன், ஓணம் கழித்து வா" என்றார். ஓணம் கழிந்து, கிறிஸ்துமசும் கழிந்துவிட்டது. வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.